கறுப்பு கொடுத்தவர்கள்

இளம்பரிதி காணாமல் போன நாற்பத்தோராம் நாள் காலை பத்து மணிக்கு அவன் அம்மா மரகதவல்லி கட்டிலுக்கடியிலிருந்து அந்த அட்டைப் பெட்டியை இழுத்துப் போட்டுப் பிரித்தாள். பெட்டி வந்து ஒரு மாதமாகியிருந்தது. அவனே ஆர்டர் போட்டிருந்த ஒயர்லெஸ் பிரிண்டர் அது. எதற்குப் போட்டான் என்று அவளுக்குத் தெரியாது. அவன் போன பதினோராம் நாள் கூரியர்காரர் வாசலில் நின்று, இளம்பரிதி இருக்காருங்களா என்று கேட்க, இல்லை என்ற சொல் வாயில் வராமல், குளிக்கிறான் என்று சொல்லி அவளே கையெழுத்துப் போட்டு வாங்கிக் கண்ணில் படாத இடத்தில் தள்ளிவிட்டிருந்தாள். இப்போது எடுத்ததற்குக் காரணம், எங்கள் ஊரின் ஒரே ஜெராக்ஸ் கடைக்காரர் அன்று காலை, மெஷின் ரிப்பேருங்க்கா, இனிமேல் போஸ்டர் அடிக்க முடியாது என்று சொல்லிவிட்டதுதான். அவர் அப்படிச் சொன்னபோது அவருக்குப் பின்னால் அந்த மெஷின் குவாரி லாரிகளுக்கான நடைச்சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் துப்பிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

எங்கள் ஊர் வெங்கக்கரடு. பெயரில் இருக்கிற கரட்டில் பாதிக்கு மேல் வெட்டியெடுத்தாகிவிட்டது. அது இருந்த இடத்தில் தெற்குப் பள்ளம், நடுப்பள்ளம், வடக்குப் பள்ளம் என்று மூன்று பள்ளங்களும், அவற்றின் கரையில் ஓயாமல் கல் அரைக்கும் கிரஷரும் இருக்கின்றன. வீட்டுக்கு ஒருவராவது அங்கே வேலைக்குப் போகிறோம். காலையில் துவைத்துக் காயப்போட்ட சேலையும் வேட்டியும் மத்தியானத்துக்குள் ஒரே நிறமாகிவிடும். மரம், மாடு, மனிதர், சாமி எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். குழந்தை பிறந்தால் முதலில் தும்மும், பிறகுதான் அழும். மரகதவல்லியின் கணவர் கிரஷர் ஓட்டி நெஞ்சில் தூள் கட்டிச் செத்தார். அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து மகனைப் படிக்க வைத்தாள், படித்த மகன் அதே குவாரியின் எடைமேடையில் லாரி எடை எழுதும் வேலைக்குச் சேர்ந்தான். இருபத்தாறு வயது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, டவுனுக்குப் போய்ட்டு வர்றேம்மா என்று சொல்லிவிட்டுப் போனவன் வரவில்லை. மறுநாள் அவன் பைக் டவுன் பஸ் ஸ்டாண்டில் நின்றது. வயசுப் பையன், எங்காவது போயிருப்பான், வருவான் என்றார் ஸ்டேஷனில் ஏட்டு.

மரகதவல்லி அந்தக் காலத்தில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள். மகனின் கம்ப்யூட்டரில் சத்துணவு ரிப்போர்ட் அடித்து அனுப்பும் அளவுக்குப் பழகியிருந்தாள். பிரிண்டரோடு வந்த விளக்கப் புத்தகத்தில் பதினெட்டு மொழிகள் இருந்தன, தமிழ் இல்லை. படங்களைப் பார்த்துக்கொண்டே நீல நிற டேப்புகளை ஒவ்வொன்றாக உரித்தாள். மூடியைத் திறந்தபோது மை கார்ட்ரிட்ஜ் இருக்க வேண்டிய இரண்டு குழிகளும் காலியாக இருந்தன. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள், தெர்மாகோல் துணுக்குகள்தான் விழுந்தன. மெஷின் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிட்டு, ப்ளக்கைச் சொருகி, ஒயர்லெஸ் பட்டனை மூன்று எண்ணும்வரை அழுத்திப் பிடித்தாள். நீல விளக்கு சிமிட்டத் தொடங்கியது. கம்ப்யூட்டரில் பிரிண்டரைச் சேர்க்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அமுக்கினாள். வட்டம் சுற்றிச் சுற்றி, ஒன்றும் கிடைக்கவில்லை என்றது. ரௌட்டரை அணைத்துப் போட்டாள், மறுபடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றது. பிரிண்டரைத் தூக்கி ரௌட்டருக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் வைத்த பிறகு, மூன்றாம் தடவை பெயர் வந்து பாஸ்வேர்டு கேட்டது. ரௌட்டரைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த சீட்டின் மேல் படிந்த தூளை முந்தானையால் துடைத்து, எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தாள். விளக்கு சிமிட்டுவதை விட்டு நிலையாக எரிந்தது. பிரிண்டர் தயார் என்றது கம்ப்யூட்டர். மையைப் பற்றி அது ஒன்றுமே கேட்கவில்லை.

காணவில்லை என்று மேலே பெரிதாக, நடுவில் இளம்பரிதியின் போட்டோ, கீழே உயரமும் நிறமும் அங்க அடையாளமும் போன் நம்பரும் போட்ட பக்கத்தைத் திறந்து, ஐம்பது என்று அடித்து, பொத்தானை அமுக்கினாள். பிரிண்டர் ஒருமுறை தொண்டையைச் செருமுவதுபோல் சத்தம் போட்டுக் காகிதத்தை இழுத்தது. வெளியே வந்த பக்கத்தில் இருந்த கறுப்பைப்போல ஒரு கறுப்பை ஜெராக்ஸ் கடையிலும் வேறெங்கும் நாங்கள் பார்த்ததில்லை. மகனின் தலைமுடி இழை இழையாகத் தெரிந்தது, தொட்டால் விரலில் எண்ணெய் ஒட்டும் போலிருந்தது.

அதே நேரம் பக்கத்து வீட்டு வாசலில் குவாரி வெடிக்காரர் நாச்சிமுத்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிலும் அவருக்கு மீசை கருகருவென்று இருக்கும். அவர் மனைவி பழனாத்தாள் டம்ளரை வாங்க வந்தவள் நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, மீசை வெள்ளையா இருக்குது?"

"தூளா இருக்கும்."

தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவிவிட்டு வந்தார். மீசை வெள்ளையாகவே இருந்தது. சாயங்காலத்துக்குள் அந்த வீதியில் பதினோரு வீட்டில் எட்டுப் பேருக்குத் தலையில் ஒரு பக்கம் வெளுத்திருந்தது. தூளுக்குப் பழகிய ஊர் என்பதால் இரண்டு நாள் எல்லோரும் தலையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள்தான் பழனாத்தாள், காகிதக் கட்டு வாங்கிக் கொடுக்க வந்த இடத்தில், பிரிண்டரிலிருந்து வந்த பக்கத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அக்கா, இந்தா, நம்ம பையன் நெத்தி மேல விழுகுதே இந்த முடி, இது எங்க வூட்டுக்காரர் மீசை."

மரகதவல்லி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்துவையும் எட்டிப் பார்த்தாள்.

"ஆமா பழனாத்தா. அவருதுதான். நிறுத்திரட்டுமா?"

"எதுக்கு நிறுத்தறீங்க? மீசையா சோறு போடுது? அடிங்க்கா."

அப்படித்தான் தொடங்கியது. பிரிண்டர் ஒயர் இல்லாமல் கம்ப்யூட்டரிடமிருந்து எழுத்தை வாங்குகிறது, அதேபோல் ஒயர் இல்லாமல் எங்களிடமிருந்து கறுப்பை வாங்குகிறது, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். வைஃபை எட்டும் தூரம்தான் எடுக்கும் என்பதால் தூரத்து வீதிக்காரர்கள், எங்களை மட்டும் ஒதுக்கி வைத்த மாதிரி இருக்குது என்று மனத்தாங்கல்பட்டு, சமையல் முடித்த கையோடு மரகதவல்லி வீட்டுக்கு வந்து பிரிண்டருக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு ஆளின் தலைமுடி நாற்பது பக்கம் வரும் என்றும், எண்ணெய் வைத்துச் சீவிய கூந்தல் எழுபது எண்பது வரும் என்றும், சாயம் பூசிய தலை செல்லாது, பிரிண்டர் அதைத் தொடாமல் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றும் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. கல்யாணம் நிச்சயமான பெண்களுக்கு மட்டும் தாலி ஏறும்வரை விலக்கு என்று கோயில் கூட்டத்தில் பேசி முடிவு செய்தோம். தலை வெளுத்தவர்களுக்கு டீக்கடை பெஞ்சில் எழுந்து இடம் கொடுத்தோம். முடி வெளுக்காமல் ஒருத்தன் வீதியில் நடந்தால், இன்னும் குடுக்கலையா என்று கேட்டோம்.

முடி தீர்ந்தபோது மச்சங்கள் போயின. பிறகு பிரிண்டர் மனிதர் என்றும் பொருள் என்றும் பார்க்காமல் எடுத்தது. அஞ்சறைப் பெட்டியில் கடுகு வெளுத்தது. தாளிக்கும்போது வெடிக்கத்தான் செய்தது. பள்ளிக்கூடத்துப் பலகை வெளுத்ததால் வாத்தியார் செங்கல் துண்டால் எழுதிப் போட்டார். எருமைகள் வெளுத்தன, குடைகள் வெளுத்தன, தாலிக் கொடியில் கோத்த கருகமணி வெளுத்தது, டிப்பர் லாரிகளின் டயர்கள் வெளுத்தும் அதே பாரத்தைத் தாங்கி ஓடின. வெள்ளைக் காக்கைகளுக்கு அமாவாசைச் சோறு வைத்தோம், அவை வந்து தின்றன. பிள்ளையார் கோயிலில் கருங்கல் பிள்ளையார் ஒரு செவ்வாய்க்கிழமை காலை உப்புக்கட்டி போல உட்கார்ந்திருந்தார். பூசாரி பார்த்துவிட்டு, சாமியே குடுத்திருக்குது, நமக்கென்ன என்று வழக்கம்போல் எண்ணெயைச் சாத்தினார். எங்கள் தோலை மட்டும் அது எடுக்கவில்லை. அது கறுப்பு அல்ல, வெயிலில் வெந்த பழுப்பு என்று எங்களுக்குத் தெரியாதது பிரிண்டருக்குத் தெரிந்திருந்தது.

இப்படி எடுத்த கறுப்பெல்லாம் இளம்பரிதியின் முகமாகிப் போனது. நான்கு மாவட்டத்துச் சுவர்களில் அவன் முகம் இருந்தது. லாரி டிரைவர்கள் கட்டுக்கட்டாக எடுத்துப் போய்ச் சுங்கச்சாவடிகளிலும் டீக்கடைகளிலும் ரயில்வே கேட்டுகளிலும் ஒட்டினார்கள். வெளியூர் போகிறவர்கள் சுவரைப் பார்த்து, இந்தப் புருவம் என் தங்கச்சி கூந்தல், இந்தச் சட்டைக்காலர் நிழல் எங்க எருமை என்று அடையாளம் கண்டு சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தார்கள். மரகதவல்லி போனை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தால் யாரோ கடன் வேண்டுமா என்று கேட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்குத் தெரியும்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு, வெடி வைக்கிற நேரமே இல்லாத நேரத்தில், வடக்குப் பள்ளத்துச் சங்கு மூன்று முறை ஊதியது. ஊர் முழுக்கக் கேட்டோம். அன்று சாயங்காலமே வடக்குப் பள்ளத்தின் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். ஊற்றுத் தண்ணீர் ஏறிப் பத்தே நாளில் பள்ளம் ஏரிபோல் ஆனது. எடைமேடையில் லாரிகளின் எடையை எழுதி எழுதி, இவ்வளவு கல் போயிருந்தால் பள்ளம் அனுமதித்ததைவிட இரண்டு மடங்கு ஆழம் இருக்க வேண்டும் என்று இளம்பரிதி இரண்டு மூன்று பேரிடம் சொல்லியிருந்தான். அளந்து பார்த்து மனுக் கொடுக்கப் போகிறேன் என்றும் சொல்லியிருந்தான். நாச்சிமுத்து தான் கண்டதைப் பழனாத்தாளிடம் சொன்னார், பழனாத்தாள் யாரிடமும் சொல்லவில்லை, ஆனாலும் ஒரு வாரத்தில் குடிதண்ணீர்க் குழாயடியில் குடம் வைக்கிற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாமலே ஒரு செய்தி ஊர் முழுக்கப் பரவ முடியும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டோம். ஒவ்வொரு வீட்டிலும் குவாரிக்குப் போகிற ஒரு ஆள் இருந்தார். அதனால் முடியைக் கொடுத்தோம்.

ஒரு நாள் குவாரி மேனேஜர் பரந்தாமனே வந்தார். காரை வீதி முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்து, செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். வரிசையில் இருந்த நாங்கள் எழுந்து நின்றோம்.

"உட்காருங்க, உட்காருங்க. எல்லாரும் குடுக்கறாங்க, நான் மட்டும் சும்மா இருந்தா நல்லா இருக்குமாங்க?" என்றார். மரகதவல்லியைப் பார்த்துக் கைகூப்பினார். "நல்ல பையங்கம்மா. எங்க ஆபீஸ்ல அவனை மாதிரி எழுத ஆளே இல்லை."

"உட்காருங்க சார்" என்றாள் அவள்.

நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடினார். வழித்துச் சீவிய அவர் தலை முன்னாலிருந்து பின்னாலாக வெளுத்துக்கொண்டே போனது. நாங்கள் பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏதாவது நடக்கும், காகிதம் சிக்கும், பக்கம் வெறுமையாக வரும், எதுவாவது காட்டிக்கொடுக்கும் என்று எதிர்பார்த்தோம். முப்பத்தாறு பக்கம் வந்தது. எல்லாம் நன்றாக விழுந்திருந்தன. அவருடைய கறுப்பும் எங்கள் கறுப்பைப் போலவேதான் இருந்தது. அதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை. அவர் போன பிறகு யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து வீட்டுக்குப் போனோம்.

ஐந்தாம் மாதத்தில் ஊரில் கறுப்பு என்று மிஞ்சியது கண்ணில் இருந்ததுதான். முதலில் மரகதவல்லிக்குப் போனது, அவள்தானே பகலெல்லாம் பிரிண்டருக்குப் பக்கத்தில் இருந்தாள். கருவிழி வெளுக்க வெளுக்க உலகம் பால் ஊற்றிய மாதிரி மங்கிக்கொண்டே வந்து, பிறகு ஒன்றுமில்லாமல் போயிற்று. அவள் அழவில்லை. பொத்தான் எங்கே என்று விரலுக்குத் தெரியும் என்றாள். எங்களில் பலருக்குப் பாதி போனது, சிலருக்கு முக்கால். டவுன் கண் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வெங்கக்கரடா என்று கேட்டுச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். கண் தெரியாமல் போன பிறகு மரகதவல்லி ஆட்களைக் காலடிச் சத்தத்தால் அறிந்தாள். யார் எப்போது வருகிறார்கள், எத்தனை தடவை வருகிறார்கள் என்பது, கண்ணிருந்தபோது தெரியாத அளவுக்கு, அவளுக்குத் தெரியத் தொடங்கியது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் நாற்காலி கிறீச்சிட்டது. வெடிமருந்து வாசனை வந்தது.

"நாச்சிமுத்தண்ணா, இன்னைக்கு இது மூணாவது தடவை."

"ஆமா அம்மிணி."

"உங்ககிட்டக் குடுக்கறதுக்கு இனி கண்ணு மட்டுந்தான் இருக்குது."

"எடுத்துக்கட்டும்."

பிரிண்டர் ஒரு பக்கத்தை இழுத்தது. அந்தப் பக்கம் வெளியே வந்து தட்டில் விழுந்தது.

"எதுக்குண்ணா இவ்வளவு தர்றீங்க?"

"எங்கிட்ட இருக்கறதத் தர்றேன், அம்மிணி."

"இருக்கறது எல்லாத்தையுமா?"

வரிசையில் எங்களில் ஒன்பது பேர் இருந்தோம். யாரோ இருமினார்கள். மரகதவல்லி எங்கள் பக்கம் வெளுத்த கண்களைத் திருப்பினாள், ஒவ்வொருவர் மேலாகவும் அவை நகர்ந்து போயின, பார்க்காத கண்தான், ஆனாலும் நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். பிறகு அவள் சுவரைத் தடவிக்கொண்டே போய், பிரிண்டரின் ப்ளக்கைப் பிடுங்கினாள்.

"எல்லாரும் போங்க. இனி எனக்கு யாரு கறுப்பும் வேண்டாம்."

கதவைச் சாத்திக்கொண்டாள். எங்களுக்கு அதைத் தாங்க முடியவில்லை. மறுநாள் காலையிலிருந்து அவள் வாசலில் போய் நின்றோம். காகிதக் கட்டுகளோடு நின்றோம். அக்கா, எங்க வூட்டுக் குழந்தைக்கு இன்னும் கண்ணு முழுசா இருக்குது என்று ஒருத்தி சொன்னாள், அதைச் சொன்னவளை நாங்கள் யாரும் தடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். வாங்கிக்கங்க, வாங்கிக்கங்க என்று கதவைத் தட்டினோம். ஏழு நாள் அவள் திறக்கவில்லை. வாசலில் வைத்த சாப்பாட்டை எடுக்கவில்லை. உள்ளே அவளே அடுப்பு மூட்டிக் கஞ்சி வைத்துக் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

எட்டாம் நாள் பழனாத்தாள் தனியாகப் போனாள். பின்கட்டு வழியாகப் போய், அடுப்படி வாசலில் உட்கார்ந்து, அக்கா நாந்தான் என்றாள். மரகதவல்லி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"கறுப்புக் குடுக்க வந்தியா?"

"இல்லக்கா. சொல்ல வந்தேன்."

அரிசி களைகிற கை நின்றது.

"நம்ம பையன் டவுனுக்குப் போகலக்கா. வடக்குப் பள்ளத்துல இருக்கறான்." நிறுத்தாமல் சொன்னாள், நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "அன்னைக்கு ரெண்டரை மணிக்கு எங்க வூட்டுக்காரரக் கூப்பிட்டு, பள்ளத்துல ஆருமில்லை, வெடிய வெய்யின்னாங்க. இந்நேரத்துல எதுக்குங்கன்னு கேட்டிருக்காரு. மேனேஜர் சொல்றாரு, வெய்யின்னாங்க. வெச்சுட்டாரு. புகை அடங்குனதுக்கு அப்புறம் போய்ப் பார்த்தா, மேட்டுல ஆணியடிச்சுக் கயிறு கட்டியிருந்துச்சாம். முழத்துக்கு முழம் முடிச்சுப் போட்ட கயிறு. இழுத்துப் பார்த்தாரு. கீழ கல்லுக்கு அடியில மாட்டியிருந்துச்சு. பைக்கை ராத்திரியோட அவங்கதான் டவுன்ல கொண்டுபோய் நிறுத்தியிருக்காங்க. வந்து சொன்னாரு. நாந்தான் வாயத் தொறக்க வேண்டாம்னு சொன்னேன். எம் மகனும் அங்கதான வேலை செய்யறான்னு சொன்னேன். நாந்தாங்க்கா சொன்னேன்."

மரகதவல்லி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாத்துக்கும்."

"ஜெராக்ஸ் கடைக்காரருக்கு?"

"எல்லாத்துக்குங்க்கா."

"நீ எத்தனை பக்கத்துக்குக் கூந்தல் குடுத்த, பழனாத்தா?"

"எம்பத்திரண்டு."

"இதுல நாலு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா, கூந்தல் உன் தலையிலயே இருந்திருக்கும்."

பழனாத்தாள் அப்போதுதான் அழுதாள். மரகதவல்லி அவளைத் தேற்றவில்லை, போகச் சொல்லவும் இல்லை. அரிசியை மறுபடி களைந்து உலையில் போட்டாள். பிறகு உள்ளே போய், மகனின் மேசையைத் தடவி ஒரு நீலப் பேனாவும் தாளும் எடுத்து வந்து பழனாத்தாள் மடியில் வைத்தாள். பிரிண்ட் எடுக்க வேண்டாம், உன் கையால எழுது, சொன்னதை அப்படியே எழுது என்றாள். நீலத்தைப் பிரிண்டர் தொட்டதே இல்லை. பழனாத்தாள் ஐந்தாவது வரைதான் படித்தவள், பாதிக் கண்ணோடு குனிந்து குனிந்து சாயங்காலம்வரை எழுதினாள். கீழே நாச்சிமுத்து கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு வாசலில் நின்றுகொண்டிருந்த நாங்கள் ஒவ்வொருவராக உள்ளே போனோம், ஏனென்றால் ஒருவர் சொல்லிவிட்ட பிறகு சொல்லாமல் இருப்பது, சொல்வதைவிடப் பயமாக இருந்தது. அதைத் தைரியம் என்று யாராவது சொன்னால் நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை.

கோர்ட்டில் வழக்குப் போட்டு, பள்ளத்தை இறைக்கச் சொல்லி உத்தரவு வாங்க இன்னும் இரண்டு மாதமானது. பரந்தாமனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், பதினெட்டு நாளில் ஜாமீனில் வந்துவிட்டார், அவர் தலையும் வெள்ளையாகவே இருக்கிறது. நாச்சிமுத்து இன்னும் உள்ளே இருக்கிறார். குவாரியைப் பூட்டிவிட்டதால் ஊரில் பாதிப் பேர் வேலை தேடித் திருப்பூருக்கும் ஓசூருக்கும் போய்விட்டார்கள். அங்கே வெள்ளைத் தலையும் வெளுத்த கண்ணுமாய் ஒருவரைப் பார்த்தால் எந்த ஊர் என்று கேட்காமலே தெரிந்துகொள்கிறார்கள். சிலர் போகும்போது மரகதவல்லி வீட்டுக்கு எதிரே நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்கள். போன கறுப்பு யாருக்கும் திரும்பவில்லை.

மூன்று மோட்டார் போட்டு ஒன்பது நாள் இறைத்தார்கள். ஒன்பது நாளும் நாங்கள் வடக்குப் பள்ளத்தின் கரையில் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் இறங்க இறங்க, கீழே இருந்து குளிர் ஏறியது. ஒன்பதாம் நாள் காலை சேறு தெரிந்தது. கல்லைப் புரட்டும் இயந்திரத்தை மெதுவாக இறக்கினார்கள், அதை ஓட்டியவன் எங்கள் ஊர்ப் பையன்தான், ஒவ்வொரு கல்லையும் தூங்குகிற குழந்தையைத் தூக்குவது மாதிரித் தூக்கினான். பதினோரு மணிக்கு இயந்திரம் நின்றது. பத்துப் பேர் இறங்கினார்கள். ஒரு மணி நேரம் கழித்து, வெள்ளைத் துணியில் வைத்து மேலே கொண்டுவந்து மரகதவல்லிக்கு முன்னால் இறக்கினார்கள். எலும்பும், சேற்றில் ஊறிய துணியும்தான்.

"அடையாளம் யாரு சொல்றது?" என்றார் ஏட்டு. முதல் நாள், வயசுப் பையன், வருவான் என்று சொன்ன அதே ஏட்டுதான். "அம்மாவுக்குக் கண்ணு தெரியாதே."

மரகதவல்லி பழனாத்தாளின் கையைப் பிடித்திருந்தாள்.

"பழனாத்தா, தலையில முடி இருக்குதா?"

"இருக்குதுக்கா."

"என்ன நிறம்?"

பழனாத்தாள் குனிந்தாள். நாங்களும் குனிந்தோம். பல மாதமாக எங்கள் கண்ணுக்கு எல்லாமே தூளும் பாலும் கலந்த ஒரே மங்கலாகத்தான் தெரிந்தது. மனிதர் முகமும் கல்லும் வானமும் ஒன்றாகத்தான் இருந்தன. அந்தத் துணியின் மேல் கிடந்தது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அவ்வளவு தண்ணீருக்கும் கல்லுக்கும் அடியில் எந்த வைஃபையும் எட்டியிருக்கவில்லை. ஒருவருடைய மீசையும் இல்லை, ஒருவருடைய கூந்தலும் இல்லை, அவனுடையதேதான்.

"கறுப்புக்கா" என்றாள் பழனாத்தாள். "நல்ல கறுப்பு."

மரகதவல்லி கையை நீட்டினாள். பழனாத்தாள் அந்தக் கையைக் கொண்டுபோய் அதன் மேல் வைத்தாள். மரகதவல்லி மகனின் நெற்றிப் பக்கத்திலிருந்து பின்னாலாக, குளித்துவிட்டு வந்த பிள்ளைக்குக் கோதிவிடுவதைப் போல, சேற்றைக் கோதிக் கோதி விலக்கினாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஏட்டு அவசரப்படுத்தவில்லை.

"காணவில்லைன்னு நீங்க எழுதி வெச்சிருக்கறதைக் கோடு போட்டு அடிச்சிருங்க சார்" என்றாள். "அடிச்சுட்டு, கீழ எழுதிக்கங்க, வடக்குப் பள்ளத்துல இருந்தான்னு."